பாட்டி கூப்பிட்டாலும் ஆசிரியர் கூப்பிட்டாலும்: ஆங்கிலத்துக்கும் பொருந்தும் துருக்கியப் பெயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வடக்கு லண்டனில் கிரீன் லேன்ஸ் சாலையை ஒட்டிக் குடியிருக்கிறேன். துருக்கிய ரொட்டிக் கடைகளும் கபாப் அடுப்புகளும் நிறைந்த தெரு. எங்கள் மேல்வீட்டுத் தோழி இஸ்மிர் நகரத்துக்காரர், கணவர் ஆங்கிலேயர். பிரசவத்துக்கு இரண்டு மாதம் இருந்தபோது அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஏழு பெண் பெயர்கள் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தேநீர் குடித்துக்கொண்டே அதில் நான்கை அடித்தோம். அன்று நாங்கள் எப்படி யோசித்தோமோ அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். துருக்கிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாதவர்களும் பின்பற்றலாம்.

முதல் படி: கண்ணை மூடிக்கொண்டு காதால் கேளுங்கள்

பட்டியல்களில் பெயரைப் பார்த்தவுடன் ஆங்கிலம் படிப்பதுபோல் படித்துவிடுகிறோம். அங்கேதான் தவறு தொடங்குகிறது. துருக்கிய மொழி 1928 வரை அரபு எழுத்தில் எழுதப்பட்டது. அந்த ஆண்டு லத்தீன் எழுத்துக்கு மாறியபோது, 29 எழுத்துகள் கொண்ட புதிய நெடுங்கணக்கைத் தங்கள் ஓசைக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டார்கள். எழுதியிருப்பதை அப்படியே ஒலிக்கலாம்; ஆனால் அந்த ஒலிகள் ஆங்கில ஒலிகள் அல்ல.

சி என்ற எழுத்து அங்கே எப்போதும் ஜ. அதற்குக் கீழே வால் வைத்தால் ச்ச. வால் வைத்த எஸ், ஷ. தலையில் பிறை வைத்த ஜி பெரும்பாலும் தனியே ஒலிக்காது. முன்னால் உள்ள உயிரை நீட்டிவிட்டு மறைந்துவிடும். இரட்டைப் புள்ளி வைத்த ஓ வேண்டுமானால் உதட்டை ஓ சொல்வதுபோல் குவித்துக்கொண்டு ஏ சொல்லிப் பாருங்கள், வந்துவிடும். இரட்டைப் புள்ளி வைத்த யு-வும் அதே வழிதான்: உதட்டில் ஊ, நாக்கில் ஈ.

எனக்கு மிகவும் பிடித்தது புள்ளியில்லாத ஐ. ஆங்கிலேயர்கள் இதைச் சொல்லப் படாத பாடு படுகிறார்கள். நமக்கோ பிறந்ததிலிருந்தே தெரியும். 'காடு' என்று சொல்லும்போது கடைசி உகரம் உதடு குவியாமல் தேய்ந்து ஒலிக்கிறதே, அந்தக் குற்றியலுகரம்தான் அது. ஆங்கில டீ (T), டி (D) எழுத்துகளின் ஒலிகளிலும் நமக்கு வசதி உண்டு: துருக்கியரின் நாக்கு பல்லைத் தொட்டே ஒலிக்கும். ஆகவே கடல் என்று பொருள்படும் பெயர் 'டெனிஸ்' அல்ல, 'தெனிஸ்'.

பெயரை இணையத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். துருக்கியர் ஒருவரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தோழியின் பட்டியலில் முதலில் இருந்த பெயர் ச்சாலா. அவருடைய தாய்க்கு உயிர். வசந்த காலத்தில் உப்புத் தொட்டுத் தின்னும் பச்சை பாதாம் பிஞ்சுக்குத்தான் அந்தப் பெயர். கேட்க எவ்வளவு இனிமை! ஆனால் எழுதும்போது வால் வைத்த சி-யும் பிறை வைத்த ஜி-யும் இரண்டுமே வந்துவிடுகின்றன.

இரண்டாம் படி: வாலையும் புள்ளியையும் எடுத்துவிட்டுப் படியுங்கள்

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் இந்த வால்களும் புள்ளிகளும் அச்சாவதில்லை. பள்ளிப் பதிவேடு, விமான டிக்கெட், மருத்துவமனைக் கணினி என்று பல இடங்களில் இதே கதைதான். எனவே பெயரை வெறும் ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதி, துருக்கி பக்கமே போகாத ஒருவரிடம் நீட்டுங்கள். எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லித் தராதீர்கள்.

தோழியின் கணவருடைய தங்கைதான் எங்கள் சோதனையாளர். 'ச்சாலா' அவர் வாயில் 'கேக்லா' ஆனது. அரசி என்று பொருள்படும் 'எஜே'யை 'ஈஸ்' என்றார். எனாமல் வேலைப்பாட்டைக் குறிக்கும் 'மினே' 'மைன்' ஆகிவிட்டது. ஊற்று என்று பொருள்படும் பெயரில் குற்றியலுகரம் போய் 'பினார்' வந்தது. தோழி பேனாவை எடுத்து எஜே, மினே, பினார் மூன்றையும் தானே அடித்தார். ச்சாலாவின் மேல் மட்டும் பேனா போகவில்லை.

இந்த இடத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஓசையைக் காப்பாற்ற எழுத்தை மாற்றுவது. நாவலாசிரியர் எலிஃப் ஷஃபாக் தன் பெயரில் இருந்த வால் வைத்த எஸ்-ஐ ஆங்கில நூல்களுக்காக எஸ்-எச் ஆக்கிக்கொண்டார். யாரும் தடுமாறுவதில்லை. மற்றொன்று, எழுத்தை வைத்துக்கொண்டு ஓசையை விடுவது. 2024-இல் பொருளாதார நோபல் பெற்றவர்களில் ஒருவரான, இஸ்தான்புல்லில் பிறந்த தாரோன் அஜெமோலுவின் குடும்பப் பெயரை ஆங்கில எழுத்தில் பார்ப்பவர் 'அசெமொக்லு' என்றே படிக்க நேரிடும். குழந்தைக்கு முதல் வழிதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. தன் பெயரைத் திரும்பத் திரும்பத் திருத்தும் வேலையை ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கக்கூடாது.

மூன்றாம் படி: இரு மொழியிலும் பொருள் பாருங்கள்

துருக்கியில் துனா என்றால் டான்யூப் நதி, கம்பீரமான பெயர். ஆங்கிலத்தில் அதே எழுத்துகள் டின்னில் அடைத்த சூரை மீன். பெர்க் என்றால் உறுதியானவன். பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் அதே சொல் முட்டாளைக் குறிக்கும். ஜான் என்றால் உயிர். சி, ஏ, என் என்று எழுதுவதால் ஆங்கிலக் கண்ணுக்கு அது தகர டப்பா. லிவர்பூல் அணியில் 2014 முதல் 2018 வரை ஆடிய எம்ரே ஜானின் சட்டையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. எங்கள் பட்டியலில் இருந்த நில், நைல் நதியின் பெயர். ஆங்கிலத்தில் அது பூஜ்யம். நான்காவதாக அதையும் அடித்தோம்.

எதிர்த்திசையிலும் பார்க்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். இரு மொழிக்கும் பொதுவாகத் தோன்றும் மாயா துருக்கியில் புளிப்பேற்றும் ஈஸ்ட். செரா, செடி வளர்க்கும் கண்ணாடி வீடு. இவை தவறான பெயர்கள் அல்ல. மாயா என்ற பெயருடைய பிள்ளைகள் துருக்கியிலும் இருக்கிறார்கள். தெரிந்து வைப்பது வேறு, பிறகு யாரோ சொல்லித் தெரிவது வேறு.

நான்காம் படி: இயல்பாகவே ஒத்துப்போகும் பெயர்களைத் தேடுங்கள்

இவை இரண்டு வகை. முதல் வகை ஒரே வேரிலிருந்து வந்தவை. லெய்லா, மெலிசா, சாரா ஆகியவற்றுக்கு விளக்கமே தேவையில்லை. யாசெமின் நம் மல்லிகையின் உறவு, ஆங்கில ஜாஸ்மினின் அக்கா. தெஃப்னே ஆங்கில டாஃப்னியேதான். இரண்டுமே கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை; லாரல் என்னும் நறுமண மரத்தின் பெயர். துருக்கியின் தெற்கே அந்தாக்யாவை ஒட்டி அதே பெயரில் ஊரே இருக்கிறது.

இரண்டாம் வகை தற்செயலாக ஒலி ஒத்தவை. எலா என்றால் பச்சையும் பழுப்பும் கலந்த கண் நிறம், ஆங்கிலத்தில் 'எல்லா' (Ella) என்ற பெயர். அய்லின் நிலவைச் சுற்றிய ஒளிவட்டம். ஐரிஷ்காரர்களின் ஐலீன் பக்கத்திலேயே நிற்கிறது. சூ என்றால் தண்ணீர். செலினுக்குப் பொங்கிப் பாயும் நீர் என்று பொருள் சொல்வார்கள்; 'செல்' துருக்கியில் வெள்ளம். ஆண் பிள்ளைக்கு என்றால் கயா (பாறை), ஓசான் (பாணன்), இலியாஸ் ஆகியவற்றைப் பரிசீலிக்கலாம்.

அழுத்தம் மட்டும் சிறிது மாறும். துருக்கியர் பெரும்பாலும் கடைசி அசையை அழுத்துவார்கள். ஆங்கிலேயர் முதல் அசையை. அதை விட்டுவிடலாம்.

ஐந்தாம் படி: விட மனம் வராத பெயருக்குத் தொப்புள் பெயர்

துருக்கியில் 'கொபெக் அது' என்றொரு வழக்கம் உண்டு. கொபெக் என்றால் தொப்புள். 'அது' என்பது பெயர் என்ற சொல்லின் வடிவம். நம் 'அது'வைப் போலவே ஒலிக்கும். தொப்புள்கொடி அறுக்கும்போது வைக்கும் பெயர் என்பது அதன் மூலம். தாத்தா, பாட்டி பெயரை இரண்டாவது பெயராக இப்படி வைப்பார்கள். ஆங்கிலேயரின் நடுப்பெயருக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. முன்னால் நிற்கும் பெயர் ஊருக்கு, இது வீட்டுக்கு. எழுத்து எவ்வளவு கடினமாக இருந்தாலும் பரவாயில்லை. அடிக்கப்படாமல் நின்ற ச்சாலாவுக்கு இங்கேதான் இடம் கிடைத்தது.

ஆறாம் படி: பதிவுக்கு முன்பே எழுத்துக்கூட்டலை முடிவு செய்யுங்கள்

இங்கிலாந்தில் பிறந்த 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். துருக்கியக் குடியுரிமையும் வேண்டும் என்றால் துணைத் தூதரகத்தில் தெரிவிக்க 60 நாள். இரண்டு இடத்திலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். துருக்கிய நெடுங்கணக்கில் கியூ, டபிள்யூ, எக்ஸ் கிடையாது. இந்த எழுத்துகள் உள்ள பெயர்களைப் பதிய முடியாமல் குர்தியப் பெற்றோர் நெடுங்காலம் தவித்திருக்கிறார்கள். ஆகவே அவற்றைத் தவிருங்கள்.

குழந்தை மார்ச் மாதம் பிறந்தது. இஸ்மிரிலிருந்து வந்திருந்த தாத்தா அவளைக் கையில் ஏந்தி, வலக் காதில் பாங்கு ஓதி, 'செலின் ச்சாலா' என்று மூன்று முறை மெல்லச் சொன்னார். அடுத்த வாரம் வீட்டுக்கு வந்த செவிலியர் சிவப்பு அட்டைக் குறிப்பேட்டைத் திறந்து, யாரையும் கேட்காமல், "செலின் எங்கே?" என்றார். தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி ஆங்கிலம் அறியாதவர். அந்த ஒரு சொல்லுக்கு நிமிர்ந்து பார்த்து, குழந்தையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.