பட்டன் கத்தி கேட்டு வருபவருக்குப் பட்டறை எதைச் செய்து கொடுக்கலாம்

வெட்டுகத்தியும் பாளை அருவாளும் அடிக்கிற பட்டறைகளில் இப்போது இளைஞர்கள் செல்போனில் படம் காட்டி ஒரு கத்தி கேட்கிறார்கள். பிடியில் இருக்கும் பட்டனைத் தள்ளினால் அலகு முன்பக்கம் பாய்ந்து வெளியே வரும், பின்னால் இழுத்தால் உள்ளே போய்விடும். நல்ல விலை தருவதாகவும் சொல்வார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கொல்லுப்பட்டறை இந்த ஆர்டரை எடுக்க வேண்டாம். காரணத்தைப் புரிந்துகொண்டால், கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவும் வேண்டியிருக்காது.

முதலில் சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்யப்பட்ட கருவிகளை ஆயுதக் கணக்கில் சேர்ப்பதில்லை. அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் கத்திகளை விதிகள் ஆயுதப் பட்டியலில் வைத்தாலும், வீடு, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கானவற்றை விலக்கியிருக்கின்றன. அதனால்தான் இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான வெட்டுகத்தி சந்தையில் வெளிப்படையாக விற்கிறது. பாயும் கத்திக்கு அப்படி ஒரு வேலையைக் காட்டுவது கடினம். டெல்லியில் 1980 முதலே, ஸ்பிரிங்கிலோ பட்டனிலோ திறக்கும் கத்தியின் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால், அதைச் செய்வதற்கும் விற்பதற்கும் கட்டுப்பாடு உண்டு. இங்கே செய்து கூரியரில் வெளியூர் அனுப்ப நினைப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது வேலை. இந்தக் கத்தியின் உயிர் அலகில் இல்லை, பிடிக்குள் இருக்கிறது. பட்டனை நகர்த்தும்போதுதான் ஸ்பிரிங் இழுபடும். ஒரு கட்டத்தில் கொக்கி விடுபட்டு அலகு பாயும். கடைசிச் சிறு தூரத்தை அது தன் வேகத்திலேயே கடந்து முன்பூட்டில் போய் விழ வேண்டும். வழியில் ஏதாவது தடுத்தால் பாதியில் தொளதொளவென்று நின்றுவிடும்; விரலால் பிடித்து இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். அலகு தடையில்லாமல் ஓட இடைவெளி வேண்டும், ஆட்டம் தெரியாமல் இருக்க அந்த இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே நிற்க வேண்டும். மில்லிங் மெஷின் இல்லாமல் அரத்தால் அந்த அளவை ஒவ்வொரு கத்தியிலும் பிடிக்க முடியாது. அப்படியே பிடித்தாலும், குளச்சல், முட்டம் பக்கத்து மணலும் உப்புக்காற்றும் அந்தத் தடத்துக்குள் போய் அடைந்துகொள்ளும். பழுதாகித் திரும்பி வரும் ஒவ்வொரு கத்தியும் பட்டறையின் பெயரைக் கெடுக்கும்.

கேட்டு வந்தவரிடம் எதை வெட்டப்போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவருக்கு எந்தக் கத்தியும் செய்ய வேண்டாம். கடலுக்குப் போகிறவர் என்றால், ஒரு கை வலையில் இருக்கும்போது மறு கையால் சட்டென்று கத்தி எடுக்க வேண்டும் என்பார். அது நியாயமான தேவை. அதற்கு இறுக்கமான உறையில் நிற்கும் மடங்காத கத்தி பட்டனைவிட வேகமானது.

அலகு 4 அங்குல நீளம், முதுகு 3 மி.மீ. தடிமன் இருக்கட்டும். நுனியைக் கூராக்காமல் முதுகை வளைத்து இறக்கி மழுக்கி விடுங்கள். வள்ளம் ஆடும்போது ஆளையோ வலையையோ குத்தாது. லாரி ஸ்பிரிங் பட்டை போதும், ஆனால் பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம். ஒரு துண்டைச் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, உடைத்துப் பாருங்கள். உடைந்த முகத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால் அந்தப் பட்டையை ஒதுக்கிவிடுங்கள்.

அடித்து முடித்ததும், காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் கொண்டுபோய்க் காற்றில் ஆற விடுவதை மூன்று முறை செய்யுங்கள். சிரட்டைக் கரி உலையில் ஊதலைக் கூட்டினால் சூடு சட்டென்று ஏறிவிடும். ஆரஞ்சு தாண்டி மஞ்சளுக்குப் போன இரும்பு உள்ளே மணல்போல் பொருக்காகி, பிறகு பல் பல்லாக உதிரும். தோய்ப்பதற்குக் காந்தம் விட்ட சூட்டுக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 850 டிகிரி செல்சியஸ் போதும். 50 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கிய எண்ணெய் ஐந்து லிட்டராவது வைத்துக்கொள்ளுங்கள். நுனி கீழே இருக்க இறக்கி, வாயும் (வெட்டும் விளிம்பு) முதுகும் இருக்கும் திசையில் மட்டும் அசையுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் அலகு கோணும். தண்ணீரில் போட்டால் இந்த இரும்பு பெரும்பாலும் வாயிலேயே வெடிக்கும்.

அரம் கடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் சரி. உடனே 200 டிகிரி அடுப்பில் ஒரு மணி நேரம் வைத்து, ஆற விட்டு, இன்னொரு முறையும் வையுங்கள். இதைத் தவிர்க்கிற பட்டறைகள் இருக்கின்றன. கத்தி உடைந்து வருவதற்கு அதுவே பெரிய காரணம். தீட்டிய வாயைப் பித்தளைக் கம்பியில் அழுத்திப் பாருங்கள். வளைந்து திரும்பினால் பதம் சரி. உதிர்ந்தால் 15 டிகிரி கூட்டி மறுபடி வையுங்கள். வளைந்தபடியே நின்றால் தோய்ச்சல் பிடிக்கவில்லை, அல்லது அடுப்புச் சூடு அதிகமாகிவிட்டது.

நனைந்த நைலான் கயிறு பளபளப்பான வாயில் வழுக்கும். ஆகவே 400 நம்பர் கல்லோடு நிறுத்திவிடுங்கள். பிடியை ஒட்டிய ஒன்றரை அங்குலத்தில், ஒரு பக்கம் மட்டும், உருண்டை அரத்தால் 5 மி.மீ. இடைவெளியில் பள்ளம் போட்டால் தடித்த கயிறும் நிற்காது.

உறைக்கு ஒன்றரை அங்குல பிவிசி குழாய் நன்றாக வரும். நெருப்பில் காட்டாதீர்கள், அந்தப் புகை நெஞ்சுக்குக் கேடு. ஹாட் ஏர் கன்னில் துவளும் அளவுக்குச் சூடாக்கி, துணி சுற்றிய கத்தியை உள்ளே விட்டு, இரு பலகைக்கு நடுவே அழுத்தி ஆற விடுங்கள். அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை போடுங்கள். துணியை எடுத்துவிட்டுக் கத்தியை உறையில் போட்டுத் தலைகீழாகப் பிடித்து உதறினால் விழக் கூடாது. கட்டைவிரலால் உறையின் விளிம்பைத் தள்ளியதும் வெளியே வர வேண்டும். தளர்வாக இருந்தால் உறையின் திறந்த பக்கத்தை மட்டும் மறுபடி சூடாக்கி நெருக்குங்கள்.

துருப்பிடிக்காத ஸ்டீலில் வேண்டும் என்று கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்கு 1,000 டிகிரிக்கு மேல் சூட்டை ஒரே நிலையில் நிறுத்த வேண்டும், கரி உலையில் அது நிற்காது. லாரி ஸ்பிரிங் இரும்பு துருப்பிடிக்கும்; அதனால் கரை வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வைக்கச் சொல்லி அனுப்புங்கள்.