அரசிலும் வங்கியிலும் பொருளியலாளர்: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

நிதி அமைச்சகத்திலோ மத்திய வங்கியிலோ வணிக வங்கியிலோ வேலைக்குச் சேரும் பொருளியலாளர்கள் கோட்பாடு தெரியாமல் மாட்டிக்கொள்வது அபூர்வம். எண்ணைக் கையாளும் விதத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சின்னதிலிருந்து தொடங்கலாம். வட்டி விகிதம் 6 சதவீதத்திலிருந்து 6.5 ஆனால் ‘அரை சதவீதம் உயர்ந்தது’ என்று எழுதாதீர்கள். அது அரை சதவீதப் புள்ளி. வங்கிக்காரர்கள் வாயில் 50 பேசிஸ் பாயிண்ட் (ஒரு பேசிஸ் பாயிண்ட் என்பது சதவீதப் புள்ளியில் நூறில் ஒரு பங்கு). சதவீதக் கணக்கில் பார்த்தால் உயர்வு 8-க்கும் மேல்.

அடுத்தது, முதல் மதிப்பீட்டை முடிவான எண்ணாக நம்பிவிடுவது. 2008 கடைசிக் காலாண்டில் அமெரிக்கப் பொருளாதாரம் ஆண்டு வீதத்தில் (அதே வேகம் ஓராண்டு நீடித்தால் என்ற கணக்கில்) 3.8 சதவீதம் சுருங்கியதாக 2009 ஜனவரி கடைசியில் அறிவித்தார்கள். பிப்ரவரி கடைசியில் அது 6.2 ஆனது, பிந்தைய திருத்தங்களில் 8-ஐயும் தாண்டியது. ஒபாமா பொருளாதார ஊக்கத் திட்டத்தில் கையெழுத்திட்டது முதல் இரண்டு அறிவிப்புகளுக்கும் நடுவில், அதாவது 3.8 என்ற எண் மட்டும் வெளியாகியிருந்தபோது! எனவே எண்ணோடு அது எத்தனையாவது மதிப்பீடு, வழக்கமாக எவ்வளவு திருத்தப்படும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

எக்செல் விஷயத்துக்கு வருவோம். அரசுக் கடன் ஜிடிபியில் (மொத்த உள்நாட்டு உற்பத்தியில்) 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று பொருளியலாளர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-ல் எழுதினார்கள். செலவைக் குறைக்கச் சொன்ன அரசியல்வாதிகளுக்கு அது வசதியாகப் போயிற்று. 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களுடைய எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தால், சராசரி போடும் சூத்திரம் ஐந்து நாடுகளைத் தொடவே இல்லை. அவரும் அவருடைய பேராசிரியர்களும் திருத்திப் போட்ட கணக்கில் வந்தது 2.2. எல்லோரும் கிண்டல் செய்தது எக்செல் பிழையைத்தான். உண்மையில் அதன் பங்கு சிறியது. சில ஆண்டுகளின் தரவை விட்டதும் நாடுகளுக்கு எடை கொடுத்த விதமும்தான் பெரிய வித்தியாசம். ஆகவே சக ஊழியரிடம் கோப்பைக் கொடுக்கும்போது ‘சூத்திரத்தைப் பாருங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எதை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்பதையும் அவர் கேட்க வேண்டும்.

அமைச்சருக்கான குறிப்பை ஆய்வு முறையிலிருந்து தொடங்கினால் இரண்டாம் பக்கத்துக்கு யாரும் வரமாட்டார்கள். முடிவை முதல் பத்தியில் வையுங்கள். வணிக வங்கியில் தொல்லை வேறு: டிரேடிங் பிரிவு (வங்கிக்காகச் சந்தையில் வாங்கி விற்கும் பிரிவு) எந்தப் பக்கம் பணம் போட்டிருக்கிறதோ அந்தப் பக்கமே கணிப்பும் மெல்லச் சாயும். ஒற்றை எண்ணுக்குப் பதில் வீச்சாகக் கொடுத்தால் இந்த அழுத்தம் கொஞ்சம் குறையும். பாங்க் ஆஃப் இங்கிலாந்து பணவீக்கக் கணிப்பை விசிறி வடிவ வரைபடமாக 1996-லேயே தரத் தொடங்கியது.

அப்புறம் வாய். அமெரிக்க மத்திய வங்கியில் கொள்கைக் கூட்டத்துக்கு முந்தைய இரண்டாவது சனிக்கிழமை முதல் கூட்டம் முடிந்த மறுநாள் வரை, ஊழியர்கள்கூட வெளியில் பணக்கொள்கை பேசக் கூடாது. அந்த நாட்களில்தான் வங்கியில் வேலை செய்யும் பழைய வகுப்புத் தோழர் அழைத்து, ‘சும்மா கேட்கிறேன், என்ன நினைக்கிறாய்?’ என்பார். குடும்ப நலம் விசாரித்துவிட்டு போனை வைத்துவிடுங்கள்.