தொழிற்பயிற்சியில் சேருமுன் பட்டறையைப் பாருங்கள்

திருகோணமலை உப்புவெளியில் ஏசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். பயிற்சி முடித்த பிள்ளைகள் வேலை கேட்டு வந்தால் சான்றிதழை அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் செப்புக் குழாயில் நட்டைப் போட்டு, வாயை விரித்து, இறுக்கச் சொல்வேன். பிறகு சவர்க்கார நுரை பூசிக் கசிவு பார்க்க வேண்டும். பாவம், சிலர் குழாயைத் தொட்டதே இல்லை.

ஆகவே காசு கட்டுமுன் பட்டறைக்குள் போங்கள். ஒரு இயந்திரத்துக்கு எத்தனை பேர்? தொழிலிடப் பயிற்சி எங்கே? நிலாவெளி ஹோட்டல் என்றால் மிக நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை அங்கே சுற்றுலா சீசன், ஏசி வேலை ஓயாது. பாடநெறிக்குத் தேசிய தொழிற்தகைமை (NVQ) மட்டம் உண்டா என்று மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் சரிபாருங்கள். அதில் 5, 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா. போன வருடம் முடித்த இரண்டு பேரையாவது தேடி, இப்போது என்ன வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள்.