கெயின் வேறு, ஃபேடர் வேறு

வெள்ளவத்தை மண்டபத்தில் பேச்சு கரகரத்தால் பலரும் மிக்சரில் (ஒலிகளைக் கலக்கும் கருவி) மேலும் கீழும் தள்ளும் ஃபேடரைத்தான் இறக்குவார்கள். பெரும்பாலும் பிழை கெயினில். மைக்கின் மிகச் சிறிய சிக்னலை மிக்சருக்குள் நுழையும்போதே பெருக்குவது கெயின்; அதில் எவ்வளவு வெளியே போகவேண்டும் என்பதை ஃபேடர் தீர்மானிக்கும்.

ஃபேடரை இறக்கிவிட்டு, அந்த மைக் செருகிய சனலின் பிஎஃப்எல் (ஃபேடருக்கு முந்திய சிக்னலைக் கேட்கும்) பொத்தானை அழுத்துங்கள். பேச்சாளர் மேடையில் பேசப்போகும் அதே சத்தத்தில் பேசவேண்டும். ‘ஹலோ, ஒன்று, இரண்டு’ என்ற முணுமுணுப்பு போதவே போதாது. டிஜிட்டல் மிக்சரில் மீற்றர் −18 டெசிபல் (0 தான் உச்சம்) அளவில் நிற்கும்வரை கெயினைத் திருப்புங்கள். பிறகு ஃபேடரை மெல்ல ஏற்றுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் கிளிப்பிங்: அலையின் தலை வெட்டுப்பட்டுவிட்டது, ஃபேடரை இறக்கினாலும் கரகரப்பு போகாது.

இயங்க மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் வகை மைக்குக்கு 48 வோல்ட் பாண்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே மிக்சர் அனுப்பும் மின்சாரம், வேண்டும். சனலை மியூட் செய்துவிட்டே போடுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று அடிக்கும்.