மீனில் புழு: எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு வேண்டாம்

காசிமேட்டில் வாங்கிய மீனைக் கீறியதும் குடலோரம் வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால், "கெட்ட மீனைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று மீன்காரம்மாவிடம் சண்டைக்குப் போகிறவர்கள் பலர். இது அநியாயம். ஈ மொய்த்து, முட்டையிட்டு வரும் புழுதான் அழுகலின் அடையாளம். ஒட்டுண்ணிப் புழுவோ மீன் கடலில் நீந்தும்போதே அதனுள் குடியேறியது. விடிகாலையில் பிடித்த மீனிலும் இருக்கும். மீன் புதியதா என்பதைச் செவுளின் நிறம், கண்ணின் தெளிவு, சதையின் உறுதி ஆகியவையே சொல்லும்.

கண்ட இடத்திலெல்லாம் புழுவின் மேல் பழி போடும் பழக்கம் ஆய்வாளர்களுக்கும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்க முத்துப் பார்களை (முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளை) ஆராய்ந்த ஹெர்ட்மேனும் ஹார்னெலும், சிப்பிக்குள் நாடாப்புழுவின் இளம் பருவத்தைக் கண்டு, முத்து உருவாக அதுவே காரணம் என்றார்கள். ஹார்னெல் பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநரானவர். கடலறிவில் அவருக்கு நிகரானவர் சிலரே. ஆனாலும் 1912-இல் ஜேம்சன் என்ற விலங்கியலாளர் அந்த முத்துகளை ஆராய்ந்தபோது, புழுவை முத்தின் பொதுவான கருவாகக் கொள்ளச் சான்று இல்லை என்று மறுத்தார். சிப்பியில் புழு இருந்தது உண்மை; காரணம் என்ற முடிவுதான் நிற்கவில்லை. முத்தைப் "புழுவின் கல்லறை" என்று இன்றும் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாப் புழுவும் ஒன்றல்ல. களவா மீனின் சினையில் செந்நூல்போல் கிடக்கும் பிலோமெட்ரா என்னும் புழு அருவருப்பூட்டும், அவ்வளவுதான். சமைத்து உண்பவருக்குத் தீங்கில்லை. மீனின் வாய்க்குள் கால்களோடு உட்கார்ந்திருப்பது புழுவே அல்ல, இறால், நண்டுக்கு உறவான ஓர் ஒட்டுண்ணி.

உண்மையில் கவனம் வேண்டியது அனிசாகிஸ் என்னும் உருளைப்புழு வகைக்கு. திமிங்கிலம், ஓங்கில் (டால்பின்) ஆகியவற்றின் வயிற்றில் முதிரும் இப்புழுவின் முட்டைகள் கழிவோடு கடலில் கலக்கின்றன. இளம்புழுக்கள் கூனிறால் போன்ற சிற்றுயிர்கள் வழியாக மீனுக்கும் கணவாய்க்கும் போகின்றன. பச்சை மீனை உண்ணும் மனிதர் இடையில் அகப்பட்டுக்கொள்கிறார். லேசாக உப்பிட்ட ஹெர்ரிங் மீனை உண்டவர்களின் கடும் வயிற்றுவலிக்கு இதுவே காரணம் என்று நெதர்லாந்தில் வான் தீல் குழுவினர் 1960-இல் விளக்கினார்கள். 1968-இல் அங்கே ஹெர்ரிங்கை உறைய வைத்து விற்பது சட்டமானது. நோயும் வெகுவாகக் குறைந்தது.

லேசான உப்பு புழுவைக் கொல்லவில்லை; எலுமிச்சைச் சாறும் வினிகரும் கொன்றுவிடும் என்றும் நம்பாதீர்கள். கொதிக்கும் குழம்பில் அது பிழைக்காது. தடித்த வஞ்சிரத் துண்டை வறுக்கும்போதுதான் நடுச்சதை வெந்து உதிர்கிறதா என்று பார்க்க வேண்டும். உட்சூடு 63 டிகிரி செல்சியஸை எட்டினால் போதும். பச்சையாக உண்ணும் மீன் மைனஸ் 20 டிகிரியில் 7 நாட்கள் உறைந்திருக்க வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு பெரும்பாலும் அந்தக் குளிரை எட்டுவதில்லை. மீன் செத்த பிறகு புழு குடலிலிருந்து சதைக்குள் நகரக்கூடும் என்பதால், வாங்கியதும் குடலை நீக்கிவிடுங்கள்.

பச்சை மீன் உண்ட சில மணி நேரத்தில் மேல்வயிறு பிடுங்கி எடுத்தால், மருந்துக்கடையில் பூச்சி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் படுக்காதீர்கள். என்ன உண்டீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். எண்டோஸ்கோபி (வாய்வழியே வயிற்றுக்குள் விடும் கேமராக் குழாய்) வழியாகப் புழுவையே பிடித்து எடுத்துவிடலாம். சிலருக்கு இப்புழுவின் புரதம் ஒவ்வாது. வேக வைத்தாலும் அந்த ஒவ்வாமை முற்றிலும் நீங்குவதில்லை. மீன் உண்டபின் உடம்பில் தடிப்பு எழுந்தால் அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.