சரியான கடவுச்சொல், திறக்காத டிஸ்க்

ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டக் கணக்கு, வேலையாட்களின் ஆதார் நகல், வங்கி விவரம் எல்லாம் ஒரே லேப்டாப்பில். சேலத்துக்கும் மலைக்கும் பஸ்ஸில் போய்வரும் பொருள் என்பதால், லினக்ஸ் நிறுவும்போதே முழு டிஸ்க்கையும் லக்ஸ் (லினக்ஸின் டிஸ்க் பூட்டு) முறையில், கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்திருந்தேன்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு, தொடங்கும்போதே கடவுச்சொல் தவறு என்றது. கேப்ஸ் லாக் பார்த்தேன், வேறு கீபோர்டு மாட்டினேன். சேலத்தில் ஒரு கடையில் ஃபார்மட் செய்யச் சொன்னார்கள். மறுத்துவிட்டு வந்தேன். பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டும் லைவ் யுஎஸ்பியில் ஏற்றி லக்ஸ்டம்ப் கட்டளை கொடுத்தால், ஹெடர் (பூட்டின் விவரங்கள் இருக்கும் பகுதி) நன்றாகவே இருந்தது. மூன்று நாள் போனது.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நிறுவும்போது ஆங்கிலம் (பிரிட்டன்) கீபோர்டு தளவமைப்பைத் தேர்ந்திருந்தேன். அதில் ஷிஃப்ட்டும் 2-ம் அழுத்தினால் @ வராது, இரட்டை மேற்கோள் குறி வரும். திரையில் வெறும் புள்ளிகள், எனவே கடவுச்சொல்லில் @-க்குப் பதில் மேற்கோள் குறி பதிவானது தெரியவில்லை. பிறகு அமைப்புக் கோப்பில் அமெரிக்கத் தளவமைப்புக்கு மாற்றினேன். ஆனால் தொடக்கத்தில் முதலில் ஏறி டிஸ்க்கைத் திறக்கும் சிறு அமைப்பான இனிட்ராம்எஃப்எஸ், பழைய தளவமைப்பையே வைத்திருந்தது. கெர்னல் அப்டேட் அதைப் புதிதாகக் கட்டியபோதுதான் மாறியது.

சரி, @ இருந்த இடத்தில் மேற்கோள் குறியைப் போட்டேன். உடனே திறந்தது!

முதலில் தரவை நகலெடுத்தேன். லக்ஸ்ஆட்கீ கட்டளையால் சிறிய எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள நீளமான கடவுச்சொல்லைச் சேர்த்து, ரீபூட் செய்து சோதித்த பிறகே பழையதை நீக்கினேன். லக்ஸின் இரண்டாம் பதிப்பான லக்ஸ் 2-இல், ஆளுக்கொரு கடவுச்சொல் என 32 சாவி இடங்கள் வரை உண்டு, அவசரப்பட்டு அழிக்க வேண்டியதில்லை. ஹெடர் நகல் இப்போது வீட்டு பீரோவில், தனி பென்டிரைவில்.