ஔவையார் ஒருவரா, பலரா? நீங்களே விசாரித்துப் பார்க்கும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோவிலுக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குச் செய்யுள் சொல்லித் தருகிறேன். போன மாதம் ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், அதியமான்கிட்ட நெல்லிக்கனி வாங்கின பாட்டிதான் கம்பரோடயும் போட்டி போட்டாங்களா? அப்போ அவங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டான். "அதான் நெல்லிக்கனி சாப்பிட்டாங்களே" என்றாள் பக்கத்தில் இருந்தவள். நான் எல்லாரையும் நோட்டை எடுக்கச் சொன்னேன். அன்று நாங்கள் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நூலும் பென்சிலும் இருந்தால் போதும், நீங்களும் செய்யலாம்.

முதலில் ஔவை பெயரில் இருப்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். சங்கப் பாடல்கள் 59: புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. அதன் கீழே ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, விநாயகர் அகவல், ஞானக்குறள். பிறகு மனத்தில் இருக்கும் படத்தை அழியுங்கள். கோலூன்றி, நீறு பூசி நிற்கும் அந்தக் கிழவி நமக்குக் கதைகளிலிருந்தும் 1953இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்து வந்த படத்திலிருந்தும் கிடைத்தவள். புறநானூறு 89ஐத் திறந்தால் பகை வேந்தன் ஔவையை எப்படி அழைக்கிறான் தெரியுமா? "மடவரல் உண்கண் வாள்நுதல் விறலி". மை தீட்டிய கண், ஒளி வீசும் நெற்றி, ஆடிப் பாடும் பெண். வகுப்பில் பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தது 1894இல்தான். அதற்கு முன்னால் திண்ணைப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நீதி சொன்ன ஔவைதான்.

அடுத்து, நூலுக்குள் வேறு எந்த நூலின் பெயர் வருகிறது என்று தேடுங்கள். நல்வழியின் நாற்பதாம் பாட்டு:

தேவர் குறளும் திருநான் மறைமுடிவும்
மூவர் தமிழும் முனிமொழியும் - கோவை
திருவா சகமும் திருமூலர் சொல்லும்
ஒருவா சகமென் றுணர்.

மூவர் தமிழ் என்றால் தேவாரம். அப்பரும் சம்பந்தரும் ஏழாம் நூற்றாண்டு, சுந்தரர் அவர்களுக்கும் பின். திருவாசகத்தை ஒன்பதாம் நூற்றாண்டில் வைப்பவர்களே அதிகம். அதியமான் அதற்குப் பல நூற்றாண்டு முந்திய சங்க காலத்தவன். அவனைப் பாடியவர் திருவாசகத்தைப் படித்திருக்க முடியாது. இதைக் கண்டுபிடித்ததும் பையன்கள் கைதட்டினார்கள். நான்தான் அவசரப்படாதீர்கள் என்றேன். நூலின் கடைசிப் பாட்டையும், தொடக்கத்தில் கடவுளை வணங்கும் காப்புச் செய்யுளையும் பின்னால் வந்தவர்கள் சேர்த்துவிடுவது உண்டு. ஆகவே ஓரத்தில் கிடைத்த சான்றை நடுவில் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும். நல்வழி 15இல் "சிவாய நம" என்ற ஐந்தெழுத்து வருகிறது. சங்கப் பாடல்களில் அந்த மந்திரம் கிடையாது. நெல்லிக்கனி தந்த அதியமானை வாழ்த்தும் புறநானூறு 91இல் அதே கடவுள் "நீலமணி மிடற்று ஒருவன்", நீலநிறக் கழுத்துடையவன். இரண்டையும் அருகருகே எழுதிப் பாருங்கள், நடுவில் எவ்வளவு காலம் ஓடியிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

சின்னச் சொற்களைப் பிடிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. பெரிய சொல்லை யாரும் பார்த்து எழுதிவிடலாம், சின்னச் சொல் தானாக வாயில் வருவது. "முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்" என்று ஊரே தூங்கும் இரவில் ஒரு பெண் தவிக்கும் குறுந்தொகை 28 ஔவை பாடியது. அதில் "யானும்" என்கிறாள். நல்வழிக் காப்பில் "பாலும் தெளிதேனும்" கலந்து "உனக்கு நான் தருவேன்" என்று வருகிறது. சங்கத்தில் பெரும்பாலும் யான், நின், நினக்கு. நான், உன், உனக்கு எல்லாம் பின்னால் பெருகியவை. அந்தக் காப்பு கேட்பதும் "சங்கத் தமிழ் மூன்றும் தா" என்றுதானே. சங்கத்துக்குள்ளேயே இருப்பவர் அப்படிக் கேட்பாரா? ஆனால் இதுவும் காப்பு என்பதை மறக்காமல் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

குணத்தை வைத்துத் தீர்ப்பு சொல்வதில் கவனம் வேண்டும். அதியமான் இறந்தபின் பாடிய புறநானூறு 235இல், கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், எலும்போடு கறி இருக்கும் இடத்தையெல்லாம் எங்களுக்கே தருவான் என்று அழுகிறாள். கொன்றைவேந்தனோ "நோன்பு என்பது கொன்று தின்னாமை" என்கிறது. வேறு ஆள் என்று சொல்லத் தோன்றும். எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடையில் பாதி வயது கழித்துவிட்டு, பிறகு மாலை போட்டு மாமிசத்தை விட்ட தாத்தாக்களை நான் பார்த்திருக்கிறேன். மனிதர்கள் மாறுவார்கள். இதைத் துணைச்சான்றாக மட்டும் வையுங்கள்.

ஒரு கேள்வியை மட்டும் நோட்டில் எழுத விடமாட்டேன்: "இப்படிப்பட்டவர் இதை எழுதியிருக்க முடியுமா?" ஷேக்ஸ்பியருக்கு நடந்தது அதுதான். ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை தைத்தவரின் மகனுக்கு இவ்வளவு அறிவு எங்கிருந்து வந்தது என்று ஆரம்பித்து, அவர் நாடகங்களை உண்மையில் எழுதியவர் அறிஞர் பேக்கன் என்றார்கள், 1920இல் ஆக்ஸ்ஃபோர்டு பிரபு என்றார்கள். அந்தப் பிரபு 1604இல் இறந்துவிட்டார். 'தி டெம்பஸ்ட்' நாடகம் 1610, 1611 வாக்கில் எழுதப்பட்டது. காலக்கணக்கைப் பார்க்காமல் பிறப்பைப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். எனக்குப் பதினைந்து வயதில் ஒரு கட்டுரைப் போட்டி. நீதிபதி என் தாளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா என்ன வேலை?" என்றார். பால்மரம் வெட்டுறாங்க என்றேன். "யார் எழுதிக் கொடுத்தது?" என்றார். தாளில் இருந்த ஒரு வரியைப் பற்றிக்கூட அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கடைசியாக விநாயகர் அகவலை எடுங்கள். சங்க ஔவையைப்போல ஆசிரியப்பாவில்தான் இருக்கிறது, மூதுரை, நல்வழிபோல வெண்பாவில் இல்லை. அதனால் சங்கப் பக்கத்தில் எழுதிவிடாதீர்கள். உள்ளே "மூலாதாரத்தின் மூண்டெழு கனலை" என்று யோகநூல் சொற்கள் வருகின்றன. அதை எந்த ஔவைக்குக் கீழே எழுதுவது என்று என் வகுப்பில் இரண்டு கட்சி. அந்தப் பையன் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறான். வரும் சனிக்கிழமை ஞானக்குறளையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், 310 குறள்.